இலை அட்டை

கோடை வந்தால் பல ஊர்களில் வேலை குறைந்துவிடும். சத்தீஸ்கர் மாநிலத்துக் காட்டுக் கிராமங்களில் அப்படி இல்லை. அங்கே கோடையில்தான் கையில் காசு வரும். காரணம், பீடி சுற்றும் தெந்து இலை.

மாசி, பங்குனியில் செடியைக் கவாத்து செய்வார்கள். சுமார் 45 நாளில் புது இலை பறிக்க வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பறிப்பு. விடியும் முன்னே பெண்கள் காட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறும் முன் திரும்புவார்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கட்டுக் கட்டுவார்கள். ஒரு கட்டுக்கு 50 இலை. 1000 கட்டு ஒரு மூட்டைக் கணக்கு.

ஒரு மூட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024-ல் மாநில அரசு அதை 5,500 ஆக்கியது. அப்படியானால் ஒரு கட்டுக்கு ஐந்தரை ரூபாய்.

மாலையில் கொள்முதல் களத்தில் கட்டுகளை எண்ணுவார்கள். எண்ணி அட்டையில் எழுதுபவர் முன்ஷி. கொடுத்தது 120 கட்டு. அட்டையில் 102 என்று விழுந்துவிட்டால்? 99 ரூபாய் போச்சு! பணம் சில நாள் கழித்துத்தான் வரும். அப்போது யாரிடம் போய்க் கேட்பது? அட்டையைப் படிக்கத் தெரிந்தவர் அங்கேயே கேட்கலாம்.

கூட்டுறவுச் சங்கத்துக்கு லாபம் வந்தால் பறித்தவர்களுக்கும் பங்கு உண்டு. அதுவும் அட்டைக் கணக்குப்படிதான்.

முன்ஷியும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான். வானத்திலிருந்து வந்தவர் இல்லை! பதிவேடு எழுதப் பழகினால், இலை பறிக்கும் பெண்ணும் அடுத்த கோடையில் அந்த வேலையைக் கேட்கலாம். முன்ஷிக்கு மூட்டைக் கணக்கில் தனிக் கமிஷன் உண்டு.