அயிரைக்கு ஒரு வீடு

குழந்தைகளே, மலைக்கோட்டை உச்சிக்குப் போனால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வடக்குப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் காவிரி, அப்புறம் ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். கோடையில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரியும். அந்த மணலையே வீடாக வைத்துக்கொண்டு வாழும் ஒரு குட்டி மீன் உண்டு. அதுதான் அயிரை.

"குழம்பு வைப்பாங்களே, அதுவா டீச்சர்?" என்பீர்கள். அதேதான்! விரல் நீளம்தான் இருக்கும். குறுந்தொகையிலேயே இதன் பெயர் வருகிறது. சந்தையில் உயிரோடு விற்பார்கள். ஆனால் இன்று குழம்பு வேண்டாம். அயிரையைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

நான் ஆசிரியையாக இருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தோம். அடியில் சிவப்பும் நீலமுமாகக் கல் பரப்பி, குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே பத்து அயிரைகளை விட்டோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஒரு சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இது நம்ம ஆத்து மீனுதானே? நம்ம ஊர் தண்ணியிலேயே ஏன் செத்துப்போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று தவறு செய்திருந்தோம்.

முதல் தவறு, கல். அயிரையின் வாயைச் சுற்றி மீசைகள் உண்டு. அவற்றால் மணலைத் தடவித் தடவித்தான் இரை தேடும். பயந்தால் சரக்கென்று மணலுக்குள் புகுந்துகொள்ளும். கூரான கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகும், ஒளியவும் இடம் இருக்காது. ஆகவே வழுவழுப்பான பொடி ஆற்று மணல்தான் வேண்டும். இப்போது வீடு கட்ட எம்-சாண்ட் வருகிறதே, அது ஆகாது. அது பாறையை உடைத்துச் செய்வது, விளிம்பெல்லாம் கூராக இருக்கும். பழைய கட்டட வேலையில் மீந்த ஆற்று மணல் யாரிடமாவது கிடைக்கும், அல்லது மீன் கடையில் கேளுங்கள். மணலுக்காகவோ மீனுக்காகவோ நீங்களாகக் காவிரியில் இறங்கக் கூடாது. மேலே முழங்கால் ஆழம் போலத் தெரியும், அடுத்த அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும்.

இரண்டாவது தவறு, குழாய்த் தண்ணீர். கிருமிகளைக் கொல்வதற்காக அதில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு ஆகாது. அகலமான வாளியில் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் போய்விடும்.

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு: அவசரம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது விஷம். ஆற்றில் அது ஓடும் தண்ணீரோடு போய்விடும், தொட்டியில் எங்கே போகும்? இங்கே நம்மைக் காப்பாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் இல்லை, செடிகளுக்கு உரமும் ஆகும். வயல் மண்ணில் நடப்பதும் இதே வேலைதான். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லையே!

சரி, இப்போது தொட்டிக்கு வருவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். அடியில் வாழும் மீனுக்கு உயரத்தைவிடத் தரைதான் முக்கியம். இதில் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அதாவது ஐம்பது கிலோவுக்கு மேல் கனம்! ஆட்டம் காணும் ஸ்டூலில் வைக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலும் வேண்டாம். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்.

ஏழெட்டுத் தடவை அலசிய மணலை இரண்டு அங்குலம் பரப்புங்கள். அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தண்ணீரை ஊற்றினால் மணல் கலங்காது. கூழாங்கல் நாலு, பாதி உடைந்த மண்சட்டி ஒன்று (விளிம்பைத் தேய்த்துவிட்டு), பாடப் புத்தகத்தில் படித்த ஹைட்ரில்லா கொஞ்சம். காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. பம்பின் ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறட்டும், அப்போது நீர்த்துளி வழிந்து பிளக்குக்குள் போகாது. பெரியவர்களை வைத்து மாட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

மீன் விடாமலே இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி, பாக்டீரியாக்களுக்கு உணவாகும். யார் வீட்டிலாவது நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவர்களுடைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றலாம். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் மருந்து அதுதான். மாதம் கழிந்ததும் மூன்று அயிரை, இரண்டு வாரம் பொறுத்து இன்னும் மூன்று. வலையால் பிடிக்காதீர்கள், டம்ளரால் மொண்டு விடுங்கள். கண்ணுக்குக் கீழே அதற்கு ஒரு முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். மூடியும் அவசியம், எகிறிக் குதித்துவிடும்.

தீனி, விளக்கணைக்கும் நேரத்தில், அடியில் மூழ்கும் வகையாகக் கொஞ்சம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் காத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் அலசினால் குளோரின் நம் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

கடைக்காரர் "டேங்க் கிளீனர் ஒண்ணு போடுங்க, பாசியைத் தின்னும்" என்பார். வேண்டாம். தென் அமெரிக்காவின் அந்த உறிஞ்சுவாய் மீன் ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் பலர் ஏரியிலும் ஆற்றிலும் கொண்டுபோய் விட்டுவிட, கேரளத்திலும் ஆந்திரத்திலும் கொல்கத்தாப் பக்கத்திலும் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கிய எந்த மீனையும் காவிரியில் விடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. அயிரை திடீரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அந்தக் காற்றிலிருந்து குடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சக் காற்று? பின்பக்கமாகக் குமிழியாக வெளியேறும். சிரிக்காதீர்கள்! கோடையில் ஆறு குட்டையாகச் சுருங்கும்போது அது பிழைப்பதே இதனால்தான். இதன் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று வரும். 1846இல் இதை விவரித்தபோது, திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர். எப்போதாவது மேலே வந்தால் கவலை இல்லை. எல்லாம் ஒன்றாக, விடாமல் மேலேயே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது, உடனே மாற்றுங்கள்.

அடுத்த ஆண்டு வகுப்பில் மறுபடி தொட்டி வைத்தோம். இம்முறை வெறும் தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஆறு மீன்கள் விட்டோம். தினமும் காலையில் எண்ணுவார்கள். கண்ணில் படுவது இரண்டோ மூன்றோதான். "மத்ததெல்லாம் எங்கே?" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடுவார்கள். அந்தச் சிறுமியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். அசையாமல் பார்த்தால் தெரியும், மணலுக்கு மேலே மிளகுபோல இரண்டு கண்கள் மட்டும்.