அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி மட்டும் போற கடற்கரை ட்ரிப்: தேனியிலிருந்து 4 நாள், ஆளுக்கு எவ்வளவு ஆகும்?

கூடப்பிறந்தவங்க எல்லாரும் ஒரே இடத்துல கூடுறது எப்பன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சித்திரையில வீரபாண்டித் திருவிழா, ஒரு கல்யாணம் காதுகுத்து, ஒரு துக்க வீடு, அப்புறம் பத்திரப்பதிவு ஆபீஸ். அப்பா அம்மா இருக்கிற வரைக்கும் வீடுன்னு ஒண்ணு இழுத்துப் பிடிக்கும். அவங்க காலத்துக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது செய்முறையும் மொய் நோட்டும்தான்.

வெளிநாடுகள்ல அண்ணன் தம்பிங்க மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரைப் பக்கம் கோல்ஃப் விளையாடப் போற பழக்கம் இருக்கு. விளையாட்டு ஒரு சாக்குதான், கூடுறதுதான் விஷயம். அதே மாதிரி நம்ம ஊர்ல இருந்து நாலு நாள் போயிட்டு வர முடியுமா? முடியும். ஆனா பெரும்பாலும் இந்த பிளான் வாட்ஸ்அப் குரூப்லயே செத்துப் போகும். காரணம் லீவு இல்ல, பணம். அதுவும் பணம் இல்லாததால இல்ல, யார் எவ்வளவு போடுறதுன்னு வாய் விட்டுப் பேசாததால.

முதல்ல ரூட்

தேனி வழியாப் போற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில ஆரம்பிச்சு, மூணாறு, போடி, தேனி, மதுரை வழியா தொண்டிக் கடற்கரை வரைக்கும் போகுது. அதாவது நம்ம வீட்டு வாசல் ரோடே கடலுக்குப் போற ரோடுதான். மதுரை வரைக்கும் அதுல போய், அங்கிருந்து ராமேஸ்வரம் பக்கம் திரும்பிடலாம்.

முதல் நாள்: தேனி, மதுரை, ராமேஸ்வரம். ராத்திரி அங்கே தங்கல்.

இரண்டாம் நாள்: காலையில தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர். இப்ப அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. அப்புறம் ராமநாதபுரம் வந்து, கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி வழியா திருச்செந்தூர்.

மூன்றாம் நாள்: மணப்பாடு, உவரி வழியா கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல போட்ட கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. இன்னும் பாக்காதவங்க பாத்துடலாம்.

நான்காம் நாள்: திருநெல்வேலி வழியா ஊர் திரும்பல்.

சுத்தி வர 900 கிலோமீட்டர் ஒட்டி வரும்.

இப்ப கணக்கு

ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்குவோம். அண்ணன் கம்பத்துல திராட்சைத் தோட்டம் வச்சிருக்கார். அக்கா சின்னமனூர்ல குடும்பத்தைப் பாத்துக்கிறாங்க, தனி வருமானம் இல்லை. தம்பி சென்னையில ஐடி வேலை. தங்கச்சி திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நாலு பேர், டிரைவரோட அஞ்சு. கீழே இருக்கிற ரேட் எல்லாம் கணக்குக்காக வச்சது. நீங்க உங்க ஊர் வண்டி ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

- வண்டி: 900 கி.மீ., கிலோமீட்டருக்கு 20 ரூபாய் = 18,000
- டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் = 4,000
- ரூம்: 2 ரூம், 3 ராத்திரி, ஒரு ரூம் 2,500 = 15,000
- சாப்பாடு: 5 பேர், 4 நாள், ஆளுக்கு தினம் 700 = 14,000
- படகு, நுழைவுக் கட்டணம், காணிக்கை = 3,000

மொத்தம் 54,000. எதிர்பாராத செலவுக்கு பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்த்து 60,000-னு வச்சுக்குவோம். ஆளுக்கு 15,000.

15,000 எல்லாருக்கும் ஒரே 15,000 இல்ல

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. சென்னைத் தம்பிக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. அக்காவுக்கு அது மாமாகிட்ட கேட்டு வாங்க வேண்டிய பணம். அதனால பட்ஜெட் போடும்போது யார்கிட்ட பணம் அதிகம் இருக்குன்னு பாக்காதீங்க. யாருக்குக் கையைக் கடிக்கும்னு பாருங்க. அவங்களால தாங்க முடியிற தொகைதான் இந்த ட்ரிப்போட அளவு. அந்த அளவுக்கு ரூமையும் நாளையும் குறைங்க, ஆளைக் குறைக்காதீங்க.

"எல்லாச் செலவும் நான் பாத்துக்கிறேன்"னு ஒருத்தர் சொல்றது பெரிய மனசுதான். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. காசு போட்டவர் சொல்ற ஓட்டல்தான், அவர் சொல்ற நேரம்தான்னு ஆயிடும். அஞ்சு வருஷம் கழிச்சு பாகப்பிரிவினை பேசும்போது, "எல்லாத்துக்கும் நான்தானே செலவு பண்ணேன்"னு ஒரு வார்த்தை வந்து விழும். மொய்யாவது நோட்டுல இருக்கும், திருப்பிச் செஞ்சுடலாம். இந்த மாதிரிக் கடனை எப்படித் திருப்புறது?

வசதி உள்ளவர் கூடுதலாப் போடணும்னா ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு தலைப்பை மட்டும், கணக்கு போடுறதுக்கு முன்னாடியே எடுத்துக்கணும். "வண்டி என் பொறுப்பு"ன்னு தம்பி சொன்னா 22,000 கழிஞ்சிடும். மிச்சம் 38,000. அதைத் தம்பி உட்பட நாலு பேரும் சமமாப் பிரிச்சா ஆளுக்கு 9,500. மாசம் 800 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. அக்காவும் தன் பங்கைத் தானே போட்ட மாதிரி ஆச்சு. அந்த மரியாதை முக்கியம்.

எப்படிச் சேர்க்கிறது?

ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிங்க. மாசச் சம்பளக்காரங்க பேங்க்ல 12 மாச ஆர்டி போடலாம். தபால் ஆபீஸ் ஆர்டி 5 வருஷக் கணக்கு, இந்த வேலைக்குச் செட் ஆகாது. மாசம் 1,250 போட்டா, 6 சதவீத வட்டின்னு வச்சாலும் வருஷக் கடைசியில வட்டி 500 ரூபாய் கூட வராது. இது வட்டிக்காக இல்ல, பழக்கத்துக்காக.

அண்ணனுக்கு ஆர்டி சரிப்படாது. தோட்டக்காரர் கையில மாசா மாசம் பணம் வராது. வெட்டு முடிஞ்சு வியாபாரி கணக்கு முடிக்கும்போதுதான் வரும். அவர் ஒரு வெட்டுக் காசுல பாதி, அடுத்த வெட்டுல பாதின்னு எடுத்து வைக்கலாம். தொகை ஒண்ணுதான், சேர்க்கிற விதம் அவங்கவங்க வருமானத்துக்கு ஏத்த மாதிரி.

அவங்கவங்க பணம் அவங்கவங்க பேர்லயே இருக்கட்டும். ஒருத்தர் கணக்குல எல்லார் பணத்தையும் போட வேணாம். ட்ரிப் நின்னு போனாலும் மனஸ்தாபம் வராது. நகையை வச்சோ, கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டோ இந்த ட்ரிப் போகாதீங்க. பதிவு இல்லாத ஏலச்சீட்டை நம்பியும் தேதி குறிக்காதீங்க.

எந்த மாசம்?

தேதியை அண்ணன் முதல்ல சொல்லட்டும், ஏன்னா தோட்டம் லீவு தராது. ஜூன்ல முல்லைப் பெரியாறு தண்ணி திறந்தா, கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நிலத்துல வேலை ஓடும். நெல் போடுறவங்க வீட்டுல அப்ப யாரும் நகர முடியாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறையும், விலை ஏறும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. கார்த்திகை, மார்கழியில ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நம்ம கம்பம் ரோட்டுலயும் இருக்கும், கன்னியாகுமரியிலயும் இருக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்ல நேரம். திருச்செந்தூர்ல தைப்பூசக் கூட்டத்தை மட்டும் தவிர்த்துடுங்க. வார நாள்ல போனா ரூம் வாடகையும் குறையும்.

தம்பி சென்னையில இருந்து வர, 2023 ஜூன்ல இருந்து போடி வரைக்கும் நேரடி ரயில் ஓடுது. எந்தெந்த நாள்னு பாத்துக்கோங்க. முன்பதிவு இப்ப 60 நாள் முன்னாடிதான் திறக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி நாலு ஒப்பந்தம்

1. பொதுப் பணத்தைக் கிளம்புற முந்தின நாளே ஒருத்தர்கிட்ட யூபிஐ-ல போட்டுடுங்க. அக்கா கணக்காளரா இருந்தா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. தினம் ராத்திரி பத்து நிமிஷம் கணக்கு சொல்லிட்டா போதும்.

2. தனி ஆசை, தனிக் காசு. உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், சரக்கு எல்லாமே அவங்கவங்க பாக்கெட். தம்பிக்குக் கோல்ஃப் ஆசை இருந்தா திருவனந்தபுரத்துல பழைய மைதானம் இருக்கு. கன்னியாகுமரியில இருந்து தனியாப் போயிட்டு வரட்டும், அந்த வண்டிக் காசும் அவரோடது.

3. பழைய கைமாத்தை இதுல கழிக்காதீங்க. "நீ தர வேண்டிய பத்தாயிரத்துல என் பங்கைப் பிடிச்சுக்கோ"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, அன்னைக்கே ட்ரிப் முடிஞ்சிடும்.

4. தோட்டம், வீடு, பத்திரம். இந்த மூணு வார்த்தையும் நாலு நாளைக்கு வண்டியில ஏறக்கூடாது. அதைப் பேச வேற நாள் குறிங்க. இந்த நாலு நாள் நல்லாப் போச்சுன்னா, அந்தப் பேச்சும் கொஞ்சம் நல்லாவே நடக்கும்.

மிச்சம் வந்த காசை உடனே பிரிச்சுக் கொடுத்துடுங்க, இல்ல எல்லாரும் சம்மதிச்சா அடுத்த வருஷத்துக்கு முதல் தவணையா வச்சுக்கோங்க. உங்க வீட்டுல எத்தனை பேர், என்ன பட்ஜெட்டுன்னு கமெண்ட்ல எழுதுங்க. பிரிக்கிற கணக்கை அடுத்த வீடியோவில போட்டுக் காட்டுறோம்.