ரெண்டு பக்கம் எழுதித் தாங்க

மூணு வாரம் முன்னாடி கெண்ட் ரிட்ஜில் எம்.ஆர்.டி. ஏறினேன். மடியில் மலாக்கா நீரிணைத் துறைமுகங்கள் பற்றிய ஒரு கட்டுரையின் நகல், ஓரமெல்லாம் என் கிறுக்கல். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். ஆலோசனை நிறுவனம் நடத்துகிறாராம். பிஷான் வருவதற்குள் நான் யார் யாரைப் பேட்டி எடுத்தேன், உதவித்தொகை எப்போ முடியுது என்பது வரை கேட்டுவிட்டார். நானும் உளறிவிட்டேன். இறங்கும்போது அட்டை கொடுத்தார். "ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, ஐந்நூறு வெள்ளி. ரகசியம் எதுவும் வேண்டாம், உங்க கருத்து போதும்."

கருத்து மட்டும் கேட்கிறவர் ரகசியம் என்ற சொல்லை ஏன் எடுக்கணும்?

டிக்சன் இயோ விவகாரம் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். சிங்கப்பூர்க்காரர், இங்கேயே முனைவர் பட்ட மாணவர். 2015-இல் தென்கிழக்காசிய அரசியல் பற்றிப் பேச பெய்ஜிங் போனார். அங்கே ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அறிக்கை எழுதித் தந்தால் பணம் என்றார்கள். பிறகு அவரே ஆள் பிடிக்க ஆரம்பித்தார். 2018-இல் ஒரு போலி ஆலோசனை நிறுவனத்தின் பேரில் வேலை விளம்பரம் போட்டார். 400-க்கும் மேற்பட்ட சுயவிவரங்கள் வந்து குவிந்தன, பெரும்பாலும் அமெரிக்க ராணுவ, அரசு ஊழியர்களுடையவை. பணக்கஷ்டத்தில் இருப்பவர்களாக, வேலையில் மனக்குறை உள்ளவர்களாகப் பார்த்துத் தேடச் சொல்லியிருந்தார்கள். 2020-இல் வாஷிங்டன் நீதிமன்றம் அவருக்கு 14 மாதச் சிறை விதித்தது.

அமெரிக்க மாணவர் கிளென் ஷ்ரைவரின் கதை இன்னும் சின்னதாகத் தொடங்கியது. 2004 வாக்கில் ஷாங்காயில் ஒரு விளம்பரம் பார்த்து, அமெரிக்க-சீன உறவு பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். கிடைத்தது 120 டாலர். நாளடைவில் கைக்கு வந்தது 70,000 டாலர். அதற்குக் கைம்மாறாக சி.ஐ.ஏ. வேலைக்கு விண்ணப்பமும் போட்டார். 2011-இல் நான்கு ஆண்டுச் சிறை.

இதில் முதல் கட்டுரைக்கு மதிப்பே கிடையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் உள்ளதெல்லாம் நூலகத்திலேயே கிடைக்கும். கேட்டால் எழுதுகிறானா, யாருக்காக என்று விசாரிக்காமல் காசு வாங்குகிறானா, யாரையெல்லாம் தெரியும்... பார்க்கிறது இதைத்தான். அடுத்த முறை "அந்த அதிகாரி உங்ககிட்ட நேர்ல என்ன சொன்னார்?" என்று வரும். சிக்கல் என்னன்னா, நேர்மையான ஆலோசகரும் முதல் நாள் இதே மாதிரிதான் பேசுவார்.

அதனால் மூணு விஷயம் கேட்டு மின்னஞ்சல் போட்டேன்: வாடிக்கையாளர் யார், எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, என் மேற்பார்வையாளரிடம் காட்டலாமா. "முதல்ல எழுதுங்க, காபி குடிச்சுக்கிட்டே பேசிக்கலாம்" என்று பதில். பெயர் இல்லை, ஒப்பந்தம் இல்லை. அட்டையையும் பதிலையும் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டேன். ஒருவேளை அந்த மனுஷர் நிஜமாவே ஆலோசகரா இருந்தா, பாவம்.

உதவித்தொகை இன்னும் ரெண்டு மாசம்தான். அந்த ரெண்டு பக்கத்தையும் அன்னைக்கு ராத்திரியே எழுதி முடிச்சிருந்தேன். அனுப்பல.