கொலை வீடியோவை கடை விரித்த இணையதளம்! முதலில் சொன்னவரை போலீஸ் நம்பவில்லை

கனடா நாட்டில் ஒரு மாணவர் படுகொலை செய்யப்பட்டார். அவர் உடல் போலீசுக்கு கிடைப்பதற்கு 4 நாள் முன்பே, அந்தக் கொலையை ஊர் உலகம் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தது.

பார்த்தவர்களில் ஒருவர் பதறிப்போய் போலீசுக்கு போன் செய்தார். போலீஸ் நம்பவில்லை.

கொன்றவன் ஆயுள் கைதியாகி விட்டான். ஆனால் அவன் எடுத்த படத்தை ஊருக்குக் காட்டிய இணையதளக்காரருக்கு என்ன தண்டனை? ஜெயில் கூட இல்லை. 6 மாத நிபந்தனை தண்டனை. அதில் பாதி வீட்டுக்காவல்!

அதன் விவரம் வருமாறு:-

குப்பையில் சூட்கேஸ்

2012-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. மாண்ட்ரியல் நகரில் ஓர் அடுக்கு மாடிக் கட்டிடத்தின் பின்புறம் குப்பை மூட்டைகள் குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு சூட்கேஸ். கட்டிடத்தை பராமரிப்பவர் அதைத் திறந்து பார்த்தார். திடுக்கிட்டார். உள்ளே இருந்தது தலையும் கை கால்களும் இல்லாத ஆண் பிணம்!

அதே நாளில் தலைநகர் ஒட்டாவாவில் இன்னொரு பரபரப்பு. அப்போது ஆளும் கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமை அலுவலகத்துக்கு தபாலில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே வெட்டப்பட்ட பாதம். லிபரல் கட்சிக்குப் போக வேண்டிய பார்சல் தபால் நிலையத்திலேயே சிக்கியது. ஒரு வாரம் கழித்து வான்கூவர் நகரில் 2 பள்ளிக்கூடங்களுக்கும் பார்சல் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அனுப்பினான் என்று கேட்காதவர் இல்லை.

இறந்தவர் சீனாவில் இருந்து வந்த 33 வயது மாணவர். கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பு. மீதி நேரத்தில் ஒரு சின்னக் கடையில் வேலை. நேரம் தவறாத பையன் வேலைக்கு வரவில்லையே என்று முதலில் சந்தேகப்பட்டவர் அந்தக் கடை முதலாளிதான்.

குப்பையில் கிடந்த காகிதங்களும், கட்டிடத்தின் கேமராவும் ஆளைக் காட்டிக் கொடுத்தன. பெயர் லூக்கா மக்னோட்டா. வயது 29. மாடல் என்று சொல்லிக் கொண்டு திரிந்தவன். ஆபாசப் படங்களிலும் நடித்தவன். போலீஸ் கதவைத் தட்டுவதற்குள் விமானம் ஏறி பாரீஸ் போய் விட்டான். சர்வதேச போலீசார் வலை வீசித் தேடினார்கள். ஜூன் 4-ந் தேதி ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஓர் இன்டர்நெட் கடையில் வகையாக சிக்கினான். அங்கே என்ன செய்து கொண்டிருந்தான் தெரியுமா? தன்னைப் பற்றி வந்த செய்திகளைப் படித்துக் கொண்டிருந்தான்!

"டூப்பு" என்று நினைத்த போலீஸ்

இனிதான் விஷயமே இருக்கிறது.

கொலை நடந்த மறுநாளே, அதாவது மே 25-ந் தேதியே, அந்த வீடியோ "பெஸ்ட் கோர்" என்ற இணையதளத்தில் ஏறி விட்டது. 10 நிமிடத்துக்கு மேல் ஓடும் படம். வெட்டி ஒட்டி, பின்னணியில் பாட்டு வைத்து, சினிமா மாதிரி தயார் செய்திருந்தான். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை.

அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்து வக்கீல் ஒருவர் அதைப் பார்த்தார். இது நடிப்பு அல்ல, நிஜக் கொலை என்று அவருக்குத் தோன்றி விட்டது. உள்ளூர் போலீசிடம் சொன்னார். கனடாவில் டொரண்டோ போலீசுக்கு போன் போட்டார். சினிமா வித்தையாக இருக்கும் என்ற ரீதியில் பேசி அனுப்பி விட்டார்கள். சூட்கேஸ் திறந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம், அன்றே போலீஸ் கிளம்பியிருந்தாலும் மாணவர் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் பார்சல்கள் போய் சேர்ந்திருக்காது. ஆசாமி கடல் தாண்டியிருப்பானா என்பதும் சந்தேகமே.

இத்தனைக்கும் மக்னோட்டா புது ஆள் அல்ல. 2010-ம் ஆண்டிலேயே பூனைக் குட்டிகளைக் கொன்று வீடியோ போட்டவன் என்று, மிருகங்கள் மேல் அன்பு கொண்ட சிலர் இன்டர்நெட்டில் அவனைத் துரத்திக் கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்டவன் பூனையோடு நிற்க மாட்டான் என்று அவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அதுவும் எடுபடவில்லை. இந்தக் கதையைத்தான் 2019-ம் ஆண்டு நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஆவணப் படமாக எடுத்து வெளியிட்டது.

வகுப்பறையில் ஓடிய படம்

கொலையாளி பிடிபட்ட பரபரப்பு அடங்குவதற்குள் மாண்ட்ரியலில் இன்னொரு கூத்து. ஒரு வாத்தியார் அந்த வீடியோவை வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி விட்டார்! 16, 17 வயதுப் பிள்ளைகள். பெற்றோர் கொதித்து எழுந்தார்கள். வாத்தியார் முதலில் சஸ்பெண்டு. பிறகு வேலையே போய் விட்டது.

இணையதளத்தில் ஏறிய ஒரு படம் எவ்வளவு வேகமாக எங்கே போய் நிற்கிறது, பாருங்கள்.

2014-ம் ஆண்டு விசாரணை நடந்தது. கொன்றதை மக்னோட்டா மறுக்கவில்லை. மனநோய் என்று வாதாடிப் பார்த்தான். ஜூரிகள் கோர்ட்டில் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறி கொடுத்த தகப்பனார் சீனாவில் இருந்து வந்து விசாரணையை கவனித்தார். டிசம்பர் 23-ந் தேதி தீர்ப்பு: ஆயுள் தண்டனை. 25 ஆண்டு கழியும் வரை பரோல் பேச்சே கிடையாது.

சட்டத்தில் உள்ள சிக்கல்

பெஸ்ட் கோர் தளத்தை நடத்தியவர் மார்க் மாரெக். எட்மண்டன் நகரவாசி. 2008-ம் ஆண்டில் தொடங்கிய தளம் இது. விபத்து, தூக்கு, கொலை, தலை வெட்டு இதுதான் அங்கே சரக்கு. நிஜக் கொலை என்று தெரிந்தே மக்னோட்டாவின் வீடியோவைப் போட்டார் என்று போலீசார் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் அவரைக் கைது செய்தனர்.

சரி, எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? பிணத்தைக் காட்டக் கூடாது என்று நேரடியாக ஒரு சட்டம் இல்லை. கனடா கிரிமினல் சட்டத்தில் 163-வது பிரிவு ஆபாசத்தைப் பற்றியது. செக்சை அளவு மீறிக் காட்டினால் ஆபாசம். செக்சோடு குற்றம், பயங்கரம், கொடூரம், வன்முறை சேர்ந்தாலும் ஆபாசம் என்கிறது அந்தப் பிரிவு. வெறும் ரத்தம் மட்டும் என்றால் இந்தப் பிரிவில் வராது! மக்னோட்டாவின் படத்தில் இரண்டும் கலந்து இருந்ததால்தான் மாரெக் மாட்டினார். மற்ற நூற்றுக்கணக்கான பிணப் படங்களுக்கு அவர் கோர்ட்டு படி ஏறவில்லை.

2016-ம் ஆண்டு ஜனவரியில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். மேலே சொன்ன நிபந்தனை தண்டனை கிடைத்தது. தளம் அப்போதும் மூடவில்லை. 2020-ம் ஆண்டு கடைசியில்தான் கடையைக் கட்டினார்கள்.

25 வருட வியாபாரம்

இந்த வியாபாரம் மாரெக் தொடங்கியது அல்ல. 1996-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் "ராட்டன்" என்ற தளம் வந்து விட்டது. மறு வருடம் இளவரசி டயானா பாரீசில் கார் விபத்தில் இறந்தார். அவர் சடலம் என்று சொல்லி ஒரு படத்தை அந்தத் தளம் போட்டது. படம் போலி! ஆனால் அதற்குள் தளத்தின் பெயர் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டு விட்டது. போலியோ அசலோ, ஆள் கூடினால் போதும்.

அமெரிக்கச் சட்டமும் இவர்களுக்கு வசதியாக அமைந்தது. பிறர் கொண்டு வந்து போடும் சரக்குக்கு தளம் நடத்துபவரைப் பொதுவாகப் பொறுப்பாளி ஆக்கக் கூடாது என்று 1996-ல் வந்த சட்டத்தின் 230-வது பிரிவு சொல்கிறது. அநாகரிகப் பேச்சை இன்டர்நெட்டில் தடுக்க அதே சட்டத்தில் வைத்திருந்த பகுதியை 1997-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று தள்ளி விட்டது. தடுப்பு போய் விட்டது, பாதுகாப்பு நின்று விட்டது.

அடுத்து வந்தது "ஓக்ரிஷ்". 2004-ம் ஆண்டு ஈராக்கில் பிணைக் கைதிகளின் தலையைத் துண்டித்து பயங்கரவாதிகள் வீடியோ எடுத்தார்கள். டெலிவிஷன்காரர்கள் காட்ட மறுத்ததை இந்த மாதிரி தளங்களில் தேடி வந்து பார்த்தார்கள். கொல்லப்பட்ட அமெரிக்கர் ஒருவரின் பெயர் அந்த மாதம் உலகம் அதிகம் தேடிய சொற்களில் ஒன்று! பஸ்சில் போகிறவர்கள் ரோட்டில் விபத்து என்றால் ஜன்னல் பக்கம் சாய்வது இல்லையா? அதே சபலம்தான். ஆனால் பஸ் நகர்ந்து விடும். இங்கே நகர்வது இல்லை. ஒன்று முடிந்தால் பக்கத்திலேயே அடுத்தது.

சதாம் தூக்கு

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடவும் முடியாது. 2006-ம் ஆண்டு ஓக்ரிஷ் மூடி, அந்த ஆட்களே "லைவ்லீக்" தொடங்கினார்கள். செய்தி வீடியோதான் போடுவோம் என்றார்கள். அந்த வருடம் டிசம்பர் 30-ந் தேதி சதாம் உசேன் தூக்கிலிடப்பட்டார். அரசு வெளியிட்ட படத்தில் சத்தமே கிடையாது. எல்லாம் ஒழுங்காக நடந்தது போல இருந்தது. பிறகு யாரோ செல்போனில் எடுத்த வீடியோ வெளியே கசிந்தது. தூக்குமேடையில் நின்றவரை சுற்றி இருந்தவர்கள் ஏசியதும் இரைந்ததும் அதில் கேட்டது. லைவ்லீக் அதைப் போட்டது. ஈராக் அரசு விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. செல்போன் வீடியோ வராமல் இருந்தால் அரசு சொன்னதே சரித்திரம்.

"நாங்க போடாட்டி உண்மை வெளியே வராது" என்று இந்தத் தளக்காரர்கள் சொல்லும் வாதத்துக்கு உள்ள ஒரே பலம் இந்த மாதிரி சம்பவங்கள்தான். சதாமுக்கு அது பொருந்தும். சீன மாணவருக்குப் பொருந்துமா? அவரைக் கொன்றவனுக்கு வேண்டியது கூட்டம். தளத்துக்கும் வேண்டியது கூட்டம். இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக இருந்தது.

லைவ்லீக்காரர்களுக்கே ஒரு கட்டத்தில் இது உறைத்தது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.எஸ். பயங்கரவாதிகள் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரின் தலையை வெட்டி வீடியோ வெளியிட்ட பிறகு, இனி அவர்களின் தலைவெட்டுப் படங்களைப் போட மாட்டோம் என்று அறிவித்தார்கள். படமே விளம்பரத்துக்காக எடுக்கப்படுகிறது என்று தெரிந்த பின் போட்டால், விளம்பரம் ஒட்டுகிற வேலைதானே? 2021-ம் ஆண்டு மே மாதம் லைவ்லீக்கும் மூடப்பட்டது.

29 நிமிடம்

தளங்கள் மூடினால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. 2019-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2 மசூதிகளில் புகுந்து ஒருவன் சுட்டான். 51 பேர் பலியானார்கள். சுடும்போதே பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். 17 நிமிடம் ஓடியது. நேரடியாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று பேஸ்புக் கம்பெனி சொன்னது. பார்த்தவர்களில் ஒருவர் கூட அப்போது புகார் கொடுக்கவில்லை. முதல் புகார் வந்தது ஒளிபரப்பு தொடங்கி 29 நிமிடம் கழித்து!

அடுத்த 24 மணி நேரத்தில் பேஸ்புக் அகற்றிய பிரதிகள் 15 லட்சம். அதில் 12 லட்சத்துக்கு மேல் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. லைவ்லீக் அந்த வீடியோவைப் போட மறுத்தது. அப்படியும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இணைய கம்பெனிகள் சந்தேகத்தின் பேரில் சில நாள் அந்தத் தளத்தையும் சேர்த்து முடக்கின. பழைய பெயர் லேசில் போகுமா!

நியூசிலாந்து அரசு கனடா மாதிரி சட்டத்தைத் தேடிக் கொண்டிருக்கவில்லை. 3 நாளில் அந்த வீடியோவை தடை செய்யப்பட்ட பொருள் என்று தணிக்கை அதிகாரி அறிவித்தார். வைத்திருந்தால் 10 ஆண்டு வரையிலும், பரப்பினால் 14 ஆண்டு வரையிலும் ஜெயில் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த ஜூன் மாதமே கிறைஸ்ட்சர்ச் வியாபாரி ஒருவர் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். அவர் வீடியோ எடுத்தவர் அல்ல, இணையதளம் நடத்துபவரும் அல்ல. தனக்கு வந்த வீடியோவை சுமார் 30 பேருக்கு அனுப்பியிருந்தார். 21 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.