நீண்ட முடக்கநிலையில் உங்கள் பிள்ளையின் மனம்

மெல்பேர்ன் நகரில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கியது, பெருந்தொற்றுக் காலத்தின் ஆறாவது முடக்கநிலையாகும். அப்போது பாடசாலை மீண்டும் வீட்டுக்குள் வந்தது. ஆகஸ்ட் நடுப்பகுதியில் சிறுவர் விளையாட்டுத் திடல்களும் மூடப்பட்டன. நாட்டின் எல்லைகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டதால், ஊரிலிருந்து அம்மம்மா, அப்பப்பா வருவதும் அப்போது தடைப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அவை சிறிய இழப்புகளாக இருக்கவில்லை.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

பிள்ளைகள் தம் கவலையைப் பெரும்பாலும் நடத்தையிலேயே வெளிப்படுத்துகின்றனர். சிறு பிள்ளைகள் மீண்டும் படுக்கையை நனைக்கலாம். பெற்றோரை விட்டு அகல மறுக்கலாம். பாடசாலை வயதினர் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்று கூறலாம். பதின்ம வயதினர் எரிச்சலுறலாம், அறைக்குள் ஒதுங்கலாம், இரவில் உறங்காதிருக்கலாம். இவற்றைக் குழப்படி என்றோ சோம்பல் என்றோ முடிவு செய்துவிடாதீர்கள்.

“எங்கள் காலத்தில்” என்னும் ஒப்பீடு

போர்க்காலத்தில் வளர்ந்த பெற்றோருக்கு ‘ஊரடங்கு’ என்னும் சொல்லே பழைய அச்சங்களை எழுப்பக்கூடியது. “நாங்கள் பதுங்குகுழிக்குள் இருந்தோம், குப்பி விளக்கில் படித்தோம், உனக்கு என்ன குறை?” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அக்கேள்வியால் பிள்ளை தன் துயரை மறைக்கவே கற்றுக்கொள்கிறது. அதனைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை. அன்று நீங்கள் அஞ்சியபோது யார் அருகில் இருந்தார், எது ஆறுதல் தந்தது என்று சொல்லுங்கள். உங்கள் அனுபவம் அப்போது பிள்ளைக்குத் துணையாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• எழும், உண்ணும், உறங்கும் நேரங்களை இயன்றவரை ஒழுங்காகப் பேணுங்கள்.

• நாள்தோறும் பத்து நிமிடமேனும் கைபேசியை ஒதுக்கிவைத்து, பிள்ளை விரும்பும் விளையாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

• பிள்ளை தன் உணர்வை ஆங்கிலத்தில் சொன்னால், மொழியைத் திருத்தாமல் செவிமடுங்கள்.

• நோய், மரணம் பற்றிய ஊர்ச் செய்திகளைப் பிள்ளையின் காதுபடத் தொலைபேசியில் பேசுவதைத் தவிருங்கள். அறிய வேண்டியதை வயதுக்கேற்ப நீங்களே விளக்குங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மேற்கூறிய மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குடும்ப மருத்துவரை நாடுங்கள். அவர் மனநலப் பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்தால், உளவியலாளரின் கட்டணத்தில் ஒரு பகுதியை மெடிக்கேர் மூலம் மீளப் பெறலாம். பிள்ளை தன்னைத் துன்புறுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திராமல் உடனே உதவி பெறுங்கள். உயிருக்கு ஆபத்தெனில் 000ஐ அழையுங்கள்.

• கிட்ஸ் ஹெல்ப்லைன் (5 முதல் 25 வயது வரை, 24 மணிநேரமும், இலவசம்): 1800 55 1800

• பேரன்ட்லைன் விக்டோரியா (பெற்றோருக்கு): 13 22 89

• தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில்: 131 450

மருத்துவரிடம் பேசும்போது பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்கன்று. துயரை வாய்விட்டுச் சொல்லலாம் என்பதைப் பிள்ளை உங்களைப் பார்த்தே அறிந்துகொள்கிறது.