சாவி யார் கையில்?

பள்ளிப் படிப்பு முடிகிறது, பட்டமும் கிடைக்கிறது. மாலை சூட்டுகிறோம், கை தட்டுகிறோம், "கண்ணில்லாவிட்டால் என்ன, கருத்திருக்கிறது!" என்று மேடையிலே முழங்குகிறோம். விழா முடிந்து, விளக்கணைந்து, பந்தல் பிரித்த பிறகு, அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று எவரேனும் கேட்டோமா?

படிக்கும் வரையில் விடுதி உண்டு. படிப்பு முடிந்ததும் விடுதிக் கதவு மூடுகிறது. பிறகு அண்ணன் வீடு. அங்கே அண்ணியின் முகம் மலர்கிறதா, சுளிக்கிறதா என்று காண அவளுக்குக் கண்ணில்லை; ஆனால், பாத்திரத்தை வைக்கும் ஓசையிலே அதைப் படித்துவிடுகிறாள்! வேலை கிடைத்து, வாடகைக்கு வீடு தேடினாலோ, "அடுப்பை எப்படிப் பற்றவைப்பாய்? படியிலே விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஊதியம் உண்டு, உறைவிடம் இல்லை!

சென்னைப் பெண் பெனோ செபின், 2015ஆம் ஆண்டு இந்திய அயலகப் பணியிலே சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. அயல்நாட்டிலே நாட்டின் சார்பாகப் பேசும் தகுதி பார்வையற்ற பெண்ணுக்கு உண்டு. நம் தெருவிலே ஒரு வீட்டில் குடியிருக்கும் தகுதி மட்டும் இல்லையா?

ஏதோ நாலைந்து பேருடைய கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 லட்சம்; அவர்களில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் பெண்கள்.

"இரக்கமுள்ளோர் இல்லங்கள் நடத்துகிறார்களே!" என்பர் சிலர். நடத்துகிறார்கள், மறுக்கவில்லை, நன்றியும் கூறுகிறோம். ஆனால், அந்த இல்லத்துச் சாவி யார் கையில்? எப்போது உண்பது, எப்போது உறங்குவது, யாரைச் சந்திப்பது என்று முடிவு செய்பவர் யார்? சோறு கிடைத்தும் சுதந்திரம் பறிபோனால், அதற்கு இல்லம் என்றா பெயர்?

பார்வையற்ற பெண்கள் உழைத்து வாழ ஓர் இடம் அமைப்பது ஆகிற காரியமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரில் ஜார்ஜியா டிரேடர் என்றொரு பெண்மணி. இளமையிலேயே பார்வையை இழந்தவர். அவரும் அவருடைய சகோதரி பிளாரன்சும், முதலிலே பார்வையற்றோர்க்கு நூல்கள் கிடைக்கச் செய்யும் பணியில் இறங்கினர். நூலோடு நின்றார்களா? இல்லை! படித்தவள் குடியிருக்க இடம் வேண்டாமா, பிழைக்கத் தொழில் வேண்டாமா என்று எண்ணினர். சோப்புத் தொழிலதிபர் வில்லியம் பிராக்டர் ஒரு பழைய வீட்டை வாங்கி உதவினார். ஆலிஸ் கேரி, பீபி கேரி என்ற கவிஞர்கள் வாழ்ந்த குளோவர்னூக் வீடு அது. 1903இல் அது பார்வையற்ற பெண்களின் இல்லமாயிற்று. அங்கே தறி இருந்தது. பெண்கள் விரிப்பு நெய்தனர். பின்னர் அச்சகமும் வந்தது. பிரெயில் நூல்கள் அச்சாயின. இரங்கத்தக்கவர்கள் என்று ஊரார் எண்ணிய பெண்கள், பிறர் படிக்க நூல் செய்து கொடுத்தனர்!

அதை அப்படியே பெயர்த்து வந்து இங்கே நடுக என்று நாம் கூறவில்லை. இன்று வேண்டுவது தனிக் குடியேற்றமல்ல. ஊருக்கு நடுவே, பேருந்து நிற்குமிடத்துக்கு அருகே, அவளுக்கென ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு பூட்டு. அடுப்புத் திருகியிலே விரலுக்குத் தட்டுப்படும் புள்ளி. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் ஒழுங்கு. வெள்ளைக் கோலுடன் தெருவைக் கடக்கக் கற்பிக்கும் பயிற்சியாளர். கடிதம் வந்தால் படித்துக் காட்டவும், காய்ச்சல் கண்டால் உடன் வரவும், அழைத்தால் மட்டும் வரும் துணையாள். ரூபாய்த் தாளின் மதிப்பைக் கூற ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி 2020லேயே வந்துவிட்டது. பணத்தை எண்ண வழி பிறந்தது. அந்தப் பணத்துக்கு வீடு கிடைக்க வழி பிறக்க வேண்டாமா?

இது பிச்சையல்ல, சட்டம்! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஐந்தாம் பிரிவிலே, சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை வழங்குகிறது. இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. 37ஆம் பிரிவு, அரசின் வீட்டு வசதித் திட்டங்களிலே மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கி, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஏட்டிலே எழுதியாயிற்று; வீட்டிலே காண்பது எப்போது?

அதிகாரிகளைக் கேட்கிறோம்: உங்கள் மாவட்டத்தில் கட்டிய வீடுகள் எத்தனை, அவற்றில் பார்வையற்ற பெண்ணின் பெயரில் எத்தனை? வீட்டு உரிமையாளர்களைக் கேட்கிறோம்: வாடகைப் பணத்துக்குக் கண் வேண்டுமா? அண்ணன்மாரைக் கேட்கிறோம்: தங்கை தனியே வாழ விரும்பினால் தடுப்பது பாசமா, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் பயமா?

மாலை சூட்டியது போதும். மாலை வாடிவிடும். அவள் கையிலே ஒரு சாவியைக் கொடுப்போம். பூட்டின் துளையைத் தேடிக் கண்டுபிடிக்க அவள் விரல்களுக்குத் தெரியும்!