வாயிலில் கேட்கப்படும் விலை

2025 மே 8-ஆம் நாள் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவர் 1977-இல் கணிதத்தில் பட்டம் பெற்ற வில்லனோவா பல்கலைக்கழகத்தின் பெயரை நம்மவர் பலர் முதன்முறையாகக் கேட்டனர். பிலடெல்பியா நகருக்கு அருகே அகுஸ்தினார் சபைத் துறவியர் 1842-இல் நிறுவிய கல்விக்கூடம் அது. ஆனால், அமெரிக்கத் தெருவில் செல்லும் ஒருவரை நிறுத்தி வில்லனோவாவைப் பற்றி வினவினால், அவர் புனித அகுஸ்தினாரைப் பற்றிப் பேசமாட்டார். கூடைப்பந்தைப் பற்றித்தான் பேசுவார். 1985, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகை சூடிய கல்லூரியல்லவா!

அந்நாட்டில் கல்லூரி விளையாட்டு என்பது நாம் அறிந்த விளையாட்டு விழாவைப் போன்றதன்று. ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகளும் உண்டு. தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டுகின்றன. அப்பணம் பெரும்பாலும் கல்லூரிக்கு நேரே வருவதில்லை. பத்துப் பதினைந்து கல்லூரிகள் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்பாக இணைந்து, தமக்குள் ஆடி, ஒளிபரப்பு உரிமையை ஒன்றாக விற்று, வருவாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரிய கூட்டமைப்புகளில் மிகுதியும் அரசுப் பல்கலைக்கழகங்களே. அவற்றின் நடுவே, செபக்கூடமும் ஒழுங்குவிதிகளும் உடைய ஒரு மறைசார் நிறுவனம் சென்று கதவைத் தட்டினால் என்ன நேரும்? கதவு திறக்குமா? திறந்தாலும், தன் உடைமையில் எதை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும்?

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்கு ஒரு விடை. இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் ஊரருகே, திருச்சிலுவைச் சபைக் குருவான எட்வர்ட் சொரின் அதே 1842-இல் இதனை நிறுவினார். இன்று ‘பிக் டென்’ எனப் பெயர்பெற்ற கூட்டமைப்பு அக்காலத்தில் ‘வெஸ்டர்ன் கான்பரன்ஸ்’ எனவும் வழங்கியது. அதில் இடம்பெறக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னே 1926-இல் அரும்பாடுபட்டார், பயனில்லை. (அங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் முரட்டு ஆட்டம், பெயரில்தான் கால்!) கல்வித் தரமும் ஆட்டக்காரர் தகுதி விதிகளும் போதா என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். கத்தோலிக்கர் மீதிருந்த வெறுப்பும் அதனுள் கலந்திருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. காலச் சூழ்நிலையை நோக்கினால் அதில் வியப்பில்லை. 1924 மே மாதத்தில் கத்தோலிக்கரைப் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தார் சவுத் பெண்டில் பேரணி நடத்தத் திரண்டபோது, நோட்டர் டேம் மாணவர் தெருவில் இறங்கி அவர்களோடு மோதினர். பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை மத்தேயு வால்ஷ் நேரில் சென்று மாணவரிடம் பேசி, அவர்களைத் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது.

அண்டை வீட்டார் கதவை அடைத்ததால் நோட்டர் டேம் நாடெங்கும் ஆடப் புறப்பட்டது. நியூயார்க்கிலும் ஆடியது, லாஸ் ஏஞ்சலஸிலும் ஆடியது. 1925 புத்தாண்டு நாளன்று கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு அணியை 27–10 என வென்றது. கல்லூரி வாசலையே மிதித்தறியாத ஐரிஷ், இத்தாலிய, போலந்துத் தொழிலாளர் குடும்பங்கள் அந்த அணியைத் தம் அணியாக வரித்துக்கொண்டன. அவமதிப்புக்கு ஆளான ஒரு மக்கட் கூட்டம் தலைநிமிர்வதற்கு அது ஒரு வழியாயிற்று. லுத்தரன் சபையில் பிறந்த ராக்னேயும் 1925-இல் கத்தோலிக்கரானார்.

காலச் சக்கரம் சுழன்றது. அதே பிக் டென் கூட்டமைப்பு பின்னர் நோட்டர் டேமை வரவேற்க முன்வந்தது! ஆராய்ச்சித் துறையில் பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு கிடைக்குமென்று பேராசிரியர் மன்றம் இணைப்பை விரும்பியது. அது அற்பமான காரணமன்று. எனினும், 1999 பிப்ரவரியில் ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. கத்தோலிக்கம், தனியார் தன்மை, தன்னுரிமை ஆகியவையே தம் அடையாளத்தின் மையம் என்று அப்போதைய தலைவர் அருட்தந்தை எட்வர்ட் மல்லாய் விளக்கினார். உயர்ந்த கொள்கைதான். ஆயினும், 1991 முதல் என்.பி.சி. தொலைக்காட்சி அவர்களுடைய உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களைத் தனியாக விலைகொடுத்து ஒளிபரப்பி வந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. பணப்பை நிறைந்தவனுக்குத் தன்னுரிமை எளிது. 2013 முதல் கால்பந்து நீங்கலாகப் பெரும்பாலான விளையாட்டுகளில் அது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் உறுப்பாக உள்ளது.

இனி, யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகம். இது மோர்மன் சபையினருடையது. அவர்களுடைய கோட்பாடுகள் நம் விசுவாசத்தினின்று பெரிதும் வேறுபட்டவை, அது நிற்க. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆடுவதில்லை. எத்துணைப் பெரிய போட்டியாயினும் ஆடுவதில்லை. தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் அட்டவணையையே இவர்களுக்காக வியாழன், சனி என்று அமைக்க வேண்டியுள்ளது. 2003-இல் குழுவினர் மறந்துபோய் ஞாயிறு ஆட்டம் வரக்கூடிய பிரிவில் இவர்களைச் சேர்த்துவிட்டுத் தவற்றை ஒப்புக்கொண்டனர். முதல் ஆட்டத்திலேயே அணி தோற்றதால் சிக்கல் எழவில்லை. 2011-இல் தரவரிசையில் மூன்றாம் இடத்திலிருந்தபோது, ஒழுங்குவிதியை மீறிய முக்கிய ஆட்டக்காரர் ஒருவரை அப்பல்கலைக்கழகமே விலக்கிவைத்தது.

இந்த விதிகளே கூட்டமைப்பின் வாயிலில் தடையாயின. 2016-இல் ‘பிக் ட்வெல்வ்’ கூட்டமைப்பு புது உறுப்பினரைத் தேடியபோது, ஒருபாலுணர்வுடையோரின் உரிமைக்காக உழைக்கும் அமைப்புகள் பிரிகாம் யங்கை ஏற்கலாகாதென்று கடிதம் எழுதின. அம்மாணவர்களின் வேதனையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் எவரையும் சேர்ப்பதில்லை என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. 2021 கோடையில் டெக்சஸ், ஓக்லஹோமா ஆகிய இரு பெரும் பல்கலைக்கழகங்கள் வெளியேறப்போவதாக அறிவித்தன. செப்டம்பரிலேயே பிரிகாம் யங்கிற்கு அழைப்பு வந்துவிட்டது! 2023-இல் அது உறுப்பாயிற்று. ஞாயிறு விலக்கும் ஏற்கப்பட்டது. கொள்கை மாறவில்லை, அழைத்தவர்களின் தேவைதான் மாறியது.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் ஞாயிறன்று ஆடத் தயங்குவதில்லை. திருப்பலி கண்டபின் பந்தாடுவது பாவமன்று என்பது சரியே. எனினும், ஆண்டவரின் நாளுக்காகத் தேசிய அட்டவணையை மாற்றச் செய்தவர்கள் நாமல்லர், பிறர் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது.

ஆனால், கத்தோலிக்கர் துணிந்த தருணமும் ஒன்றுண்டு. 1979-இல் தோன்றிய ‘பிக் ஈஸ்ட்’ கூட்டமைப்பு கூடைப்பந்துக்குப் பேர்பெற்றது. 1985-இல் தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுள் மூன்று அதன் கத்தோலிக்கக் கல்லூரிகள். இறுதியில் வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66–64 என வீழ்த்தியது. பின்னர்க் கால்பந்துப் பணத்தின் ஆசை புகுந்தது. பழைய உறுப்பினர் சிலர் வேறிடம் தேடினர். ‘கிழக்கு’ என்ற பெயரை வைத்துக்கொண்டு பசிபிக் கரையிலுள்ள சான் டியேகோவிலிருந்து கூட ஒரு கல்லூரியை அழைத்தார்கள்! 2012 டிசம்பரில், பெருந்தரக் கால்பந்து அணி இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் ஒன்றாக வெளியேறின. ஜார்ஜ்டவுனும் மார்க்கெட்டும் சேசு சபையினருடையவை, டிபால், செயின்ட் ஜான்ஸ் இரண்டும் வின்சென்ட் தே பவுல் சபையினருடையவை, பிராவிடன்ஸ் சாமிநாதர் சபையினருடையது, சீட்டன் ஹால் நியூவர்க் உயர்மறைமாவட்டத்தினுடையது, ஏழாவது வில்லனோவா. பழைய பெயரைத் தம்மோடு எடுத்துச் சென்று, மேலும் மூன்று கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, 2013-இல் புதிதாகத் தொடங்கின. மூன்றாண்டில் வில்லனோவா வாகை சூடியது.

மறுபுறம், 1911-இல் மெதடிஸ்டு சபையார் நிறுவிய டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, 2024-இல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் இடம்பெறுவதற்காக ஒன்பது ஆண்டு ஒளிபரப்புப் பங்கையே வேண்டாமென்று சொல்லிற்று. அதே கூட்டமைப்பில் இப்போது கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களும் உள்ளதால், சேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரி மாணவர் கண்டத்தின் மறுகரைக்குப் பறந்து சென்று ஆடித் திரும்புகின்றனர். மறுநாள் வகுப்பின் கதி? இதற்கிடையே 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே வழங்கலாம். ஏழை மாணவருக்கென்று தொடங்கிய துறவற சபைகளின் கல்லூரிகள் இத்தொகையை எங்கிருந்து எடுக்கும், எதைக் குறைத்து எடுக்கும் என்பதே இன்று அவற்றின் ஆட்சிக்குழுக்கள் முன்னுள்ள கேள்வி.

நோட்டர் டேம் கால்பந்து அணியோ இன்னும் எக்கூட்டமைப்பிலும் இல்லை. தனித்து நிற்பதற்கு விலையும் கொடுக்கிறது: 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் தேசியப் போட்டியில் முதற்சுற்றை ஆடாது கடக்கும் சலுகை கூட்டமைப்பு வாகையர் நால்வருக்கு மட்டுமே இருந்தது. எனவே முதற்சுற்றிலிருந்தே ஆடி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் இறுதி ஆட்டத்தை அடைந்தது. அதன் பயிற்சியாளர் மார்க்கஸ் பிரீமன், ராக்னேயைப் போலவே, பணியேற்றபின் 2022-இல் கத்தோலிக்கரானவர். எதிரே நின்றது ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். அன்று கதவடைத்த அதே கூட்டமைப்பின் பழைய உறுப்பினர். 34–23 என நோட்டர் டேம் தோற்றது. அப்போட்டியில் அது ஈட்டிய தொகையை வேறெந்தக் கல்லூரியோடும் பங்கிட வேண்டியிருக்கவில்லை.